ஒரு கை அகலம்

கடகடவென்று எழுந்த அந்தச் சத்தத்தில் கடைவீதியே ஒரு கணம் வாயை மூடிக்கொண்டது. இரண்டு வருடமாகத் தூங்கிக் கிடந்த இரும்பு ஷட்டர் பாதி தூரம் ஏறி, அங்கேயே முரண்டு பிடித்து நின்று, தடாலென்று திரும்ப விழுந்தது. பக்கத்து சலூன்காரர், ஒரு கன்னத்தில் நுரையோடு இருந்த ஆளை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, கத்தியும் கையுமாக வெளியே ஓடிவந்தார்.

"என்னய்யா அது? கட்டடம் இடிஞ்சு விழுதுன்னு நெனச்சேன்."

"இடியல அண்ணே, திறக்குது," என்றார் தரகர். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஷட்டரின் பிடியில் கையை வைத்தார். "அருமையான இடம். ரெண்டு வருஷம் கழிச்சு உயிர் வருது."

"போன தடவையும் இதே வார்த்தையைத்தான் சொன்னீங்க."

"இடம் அருமையா இருந்தா வேற என்ன சொல்ல முடியும்?"

சலூன்காரர் அப்போதுதான் தரகருக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தார். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் சின்ன சிலிண்டர் வைத்த ஒற்றை அடுப்பு. அவருடைய முகம் மாறியது.

"சின்னக்கரண்டியா? இந்த இடத்துக்கேவாம்மா?"

"இந்த இடத்துக்கேதான்," என்றாள் அவள்.

சின்னக்கரண்டி என்பது அவளுடைய பெயர் இல்லை. ஆனால் பள்ளிக்கூடப் பதிவேட்டை விட்டால் சொந்தப் பெயர் வேறெங்கும் புழங்கியதில்லை. அவளுடைய அண்ணன் பெரிய கரண்டி. தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடம், கல்யாண மண்டபம் என்று இருபது வருடம் ஊர் ஊராகச் சமைத்தவர். அவருக்குப் பக்கத்திலேயே நின்று காய் நறுக்கி, அடுப்பைப் பார்த்து வளர்ந்ததால் தங்கை சின்னக்கரண்டி ஆனாள். இருவரும் சேர்ந்து முதல்முதலாகச் சொந்தமாக வாடகைக்குப் பிடித்த இடம் இதுதான்.

முதல் இரண்டு மாதம் மதியம் பன்னிரண்டரைக்கு மேல் வந்தவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. கை கழுவிய ஈரத்தோடு ஆட்கள் சுவரோரம் வரிசையில் நின்றார்கள். மூன்றாவது மாதம் என்ன ஆனதோ, அடுக்களையில் புகை தேங்க ஆரம்பித்தது. சோற்றில் புகைவாசம். குழம்பில் புகைவாசம். சாப்பிட வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அடுத்த வாரம் வேறு கடைக்குப் போனார்கள். அண்ணன் புகையிழுக்கும் மோட்டாரை மாற்றினார். எண்ணெயை மாற்றினார். பாத்திரங்களை மாற்றினார். காகிதத்தைக் கொளுத்திப் புகைபோக்கிக்கு அடியில் பிடித்துப் பார்த்தார். புகை ஒழுங்காக மேலே போனது. எட்டாவது மாதம் கடையை மூடினார்.

மூடிய அன்று அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "இடத்துல குறை இல்லம்மா. புகைபோக்கி நல்லாத்தான் இழுக்குது. குறை என் கையில."

அதன்பிறகு அந்தக் கை கரண்டியைத் தொடவில்லை. இப்போது ஒரு டைல்ஸ் கடை வாசலில் முக்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் உப்பு சரியா என்று பார்க்கச் சொன்னால், குழாய் சொட்டுகிறதா என்று பார்க்கக் கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

சின்னக்கரண்டி வீட்டிலேயே சமைத்து அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பி வந்தாள். போன வாரம் சுகாதார ஆய்வாளர் வந்து கதவில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார். மாதக் கடைசிக்குள் உரிமம் பெற்ற அடுக்களைக்கு மாற வேண்டும். இல்லையென்றால் அடுப்பை அணைக்க வேண்டும். இந்தச் சின்ன ஊரில் உரிமம் உள்ள அடுக்களையோடு காலியாக இருப்பது இந்த ஒரே இடம். அதைவிடப் பெரிய சிக்கல், கடை என்று வைத்துவிட்டால் அவள் ஒருத்தியால் தாங்காது. அண்ணன் வேண்டும்.

"நீ எங்க வேணா கடை போடு. நான் வரமாட்டேன்," என்று அவர் சொல்லியிருந்தார். "என் கையால கெட்டது ஒண்ணு போதும்."

ஷட்டர் ஒருவழியாக ஏறியது. உள்ளே தூசியின் வாசம். மேசைகள் கால்களை மேலே தூக்கிக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. தரகர் வாடிக்கைப்படி முன்கூடத்தைக் காட்ட ஆரம்பித்தார். எத்தனை சன்னல், எத்தனை விசிறி, வாசலில் எத்தனை வண்டி நிற்கும் என்று. அவள் எதையும் கேட்காமல் நேராக அடுக்களைக்குப் போனாள்.

"அதுதான் உனக்கே தெரிஞ்ச இடமாச்சேம்மா," என்று பின்னாலேயே வந்தார் தரகர். சட்டைப்பையிலிருந்து பழைய செய்தித்தாளின் துண்டு ஒன்றை எடுத்து உருட்டித் தீப்பெட்டியை உரசினார். உணவகத்துக்கு இடம் பார்க்கிற எல்லோரும் செய்கிற சோதனை அது. மோட்டாரைப் போட்டுக் காகிதத்தை உயர்த்திப் பிடித்தார். மெல்லிய நீலப்புகை வளைந்து நெளிந்து புகைபோக்கிக்குள் போய் மறைந்தது.

"பாத்தியா? உறிஞ்சிக் குடிக்குது."

"எங்க அண்ணனும் இப்படித்தான் பாத்தாரு."

"எல்லாரும் இப்படித்தாம்மா பாப்பாங்க."

"காகிதம் ஒரு நிமிஷம் எரியும். என் அடுப்பு நாலு மணி நேரம் எரியும்," என்றாள் அவள். ஒற்றை அடுப்பைக் கல்மேடையில் வைத்தாள். பையிலிருந்து இரும்புச்சட்டியை எடுத்தாள். பிறகு ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். அரைக்கிலோவுக்குக் குறையாத காய்ந்த மிளகாய்.

தரகருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. "அம்மா தாயே, அது எதுக்கு?"

"சமைக்கிற இடத்தைச் சமைச்சுதான் பாக்கணும்."

சட்டி காய்ந்தது. மிளகாய் கருக ஆரம்பித்தது. மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தது. ஆனால் நெடி மேலே போகவில்லை. உத்தரத்துக்குக் கீழே கூடி, கனத்து, அப்படியே இருவர் தலையிலும் இறங்கியது. தரகர் இருமினார். அடுத்து தும்மினார். பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தபடி தட்டுத்தடுமாறி வாசலுக்கு ஓடினார். சலூனில் யாரோ தும்முவது கேட்டது.

"ஐயா, ஆடாதீங்க, கத்தி கையில இருக்கு," என்று சலூன்காரர் யாரையோ அதட்டினார்.

அவள் மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றாள். கண்ணில் நீர் வழிந்தது. மிளகாயால்தான். ஆனால் அந்த மூன்றாவது மாதத்தில் அண்ணனும் இதே இடத்தில் இப்படித்தான் நின்றார். அப்போது அது புகை என்று அவள் நினைத்தாளே தவிர, புகைக்கு ஒரு காரணம் இருக்கும் என்று நினைக்கவில்லை. அடுப்பை அணைத்தாள்.

வெளியே வந்தபோது படிக்கட்டின் கடைசிப் படியில் மாடிக்காரர் நின்றுகொண்டிருந்தார். கட்டடத்துக்குச் சொந்தக்காரர், மேல்மாடியிலேயே குடியிருந்ததால் அந்தப் பெயர். ஒரு காலத்தில் பெரிய கொத்தனார். இந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு கல்லையும் தன் கையாலேயே வைத்தவர் என்று தரகர் வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார். மனைவி நாலு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்து போன வருடம் போய்ச் சேர்ந்தபிறகு ஆள் பாதியாக வற்றிவிட்டார்.

"மொட்டைமாடியைப் பாக்கணும்," என்றாள் சின்னக்கரண்டி.

"சாவி தொலஞ்சு போச்சு."

"அதுக்கு ஏன் கவலை," என்றார் தரகர், மூக்கைச் சிந்திக்கொண்டே. இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்கினார். "இந்த ஊர்ல நான் திறக்காத பூட்டு கிடையாது." உதவி செய்கிற நினைப்பில்தான் சொன்னார்.

மாடிக்காரர் வழிவிட்டு ஒதுங்கினார்.

படி ஏறும்போது ஒரு சன்னலைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. சன்னலை ஒட்டித்தான் புகைபோக்கியின் செங்கல் தூண் மேலே ஏறியது. உள்ளே ஓர் இரும்புக்கட்டில். மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. தலைமாட்டில் முக்காலி. முக்காலி மேல் ஒரு சாப்பாட்டுத்தட்டு. சமையல்காரியின் கண் தட்டில்தான் நின்றது. எத்தனையோ வருடத்துத் தட்டு. விளிம்பு மங்கிப் போயிருந்தது. ஆனால் நடுவில் ஒரு கீறல்கூட இல்லை. சாப்பிட்ட தட்டு அப்படி இருக்காது என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மூன்றாவது சாவியில் பூட்டு திறந்தது. மொட்டைமாடி மூலையில் புகைபோக்கி இடுப்பளவு உயரத்தில் நின்றது, தலையில் ஒரு தகரமூடியோடு. அவள் மூடியைத் தூக்கினாள். முழங்கை ஆழத்தில் இரண்டு கம்பிகள் குறுக்கே கிடந்தன. கம்பிகளின் மேல் செங்கற்கள். ஒரு ஓரத்தில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு இடைவெளி. அவள் கையை விட்டுப் பார்த்தாள். மணிக்கட்டுவரை சரியாக நுழைந்தது.

தரகர் எட்டிப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "மேல பூசினது எதாவது பேர்ந்து விழுந்திருக்கும்மா."

"பேர்ந்து விழுற கல்லு இப்படி வரிசையில அடுக்கிக்கிட்டா விழும்?"

வரிசை மட்டும் இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சிமெண்ட் வழித்த விதம் அவளுக்குத் தெரியும். விரலால் இழுத்த மாதிரி ஒரு மெல்லிய பள்ளம். எட்டு மாதம் தினமும் விடியற்காலையில் ஏறி இறங்கிய வாசற்படியில் அதே பள்ளம் இருந்தது. யார் கண்ணுக்கும் படாத இடத்தில்கூட அந்தக் கைக்கு அலட்சியமாக வேலை செய்யத் தெரியவில்லை.

அவள் திரும்பினாள். மாடிக்காரர் கதவோரம் நின்றிருந்தார்.

"நீங்க கட்டினதா ஐயா?"

"நான்தான்."

"எப்போ?"

"உங்க கடைக்குத் திங்கக்கிழமை லீவு விடுவீங்களே. அப்படி ஒரு திங்கக்கிழமை."

"மூணாவது மாசம்."

அவர் தலையை அசைத்தார்.

"முழுசா அடைக்காம ஏன் இடம் விட்டீங்க?"

"முழுசா அடைச்சா காகிதம் கொளுத்திப் பாக்கறப்போ தெரிஞ்சுடும்." அவர் அவளைப் பார்க்கவில்லை. புகைபோக்கியைப் பார்த்துச் சொன்னார். "உங்காளுங்க எல்லாரும் அப்படித்தானே பாப்பாங்க."

அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் வந்த குரல் அவளுக்கே கேட்காத அளவு சின்னதாக இருந்தது. "புகைபோக்கியை மேல வந்து பாக்கணும்னு எங்க அண்ணன் ஒரு நாள் ஏணியோட வந்தாரு. பாதிப்படி ஏறிட்டு, மேல உடம்புக்கு முடியாதவங்க இருக்காங்க, காலடிச் சத்தம் கேக்கும்னு இறங்கிட்டாரு. செருப்பக் கையில பிடிச்சுக்கிட்டு இறங்கினாரு."

"பாத்தேன்."

"பாத்துக்கிட்டு இருந்தீங்களா?"

அவர் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டார். தரகர் அவளுடைய காதருகே குனிந்தார். "பாவம்மா. அந்த அம்மாவுக்கு மூச்சுக்கோளாறுன்னு ஊர்ல பேச்சு. புகை ஆகாது போல." மாடிக்காரருக்கும் அது கேட்டது. அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"அந்த அம்மா போயி ஒரு வருஷம் ஆச்சு. அப்புறமாவது உடைச்சிருக்கலாமே."

"உடைச்சா சத்தம் கேக்கும்," என்றார் அவர். "ஏன்னு கேப்பாங்க."

கீழே முன்கூடத்தில் தரகர் ஒரு மேசையை நிமிர்த்திப் போட்டுத் துடைத்தார். குத்தகைப் பத்திரத்தை விரித்தார். எத்தனை வருடம், யார் வெள்ளையடிப்பது, யார் தண்ணீர்க்குழாயைப் பார்த்துக்கொள்வது என்று ஒவ்வொன்றாக வாசித்தார். எல்லாவற்றுக்கும் மாடிக்காரர் சரி என்றார். வாடகையைக் குறைத்துக்கொள்ளவும் சரி என்றார். அவள் கேட்காமலே சொன்னார்.

"வாடகை அப்படியே இருக்கட்டும். எனக்கு வேற ரெண்டு வேணும்," என்றாள் அவள். "அந்தச் செங்கல்லை இன்னைக்கே உடைக்கணும். உடைச்சுட்டு, நீங்களே வந்து எங்க அண்ணன்கிட்ட சொல்லணும்."

தரகர் பேனாவைக் கீழே வைத்தார். "முதல் விஷயத்தை எழுதலாம். ரெண்டாவதை எல்லாம் பத்திரத்துல எழுத முடியாதும்மா."

"எழுத வேணாம். நடந்தா கையெழுத்து போடறேன்."

"நடக்கலைன்னா?"

"மாசக் கடைசியில அடுப்பை அணைச்சுடுவேன். என்னோட அடுப்பு அணைஞ்சா போகட்டும். ரெண்டு வருஷமா அணைஞ்சு கிடக்குறது எங்க அண்ணனோடது."

மாடிக்காரர் எழுந்தார். மூலையில் இருந்த பழைய பெட்டியைத் திறந்து சுத்தியலையும் உளியையும் எடுத்தார். கட்டடம் கட்டிய காலத்திலிருந்து அங்கேயே கிடக்கும் பெட்டி. படியேறினார்.

சற்று நேரத்தில் மேலிருந்து சத்தம் கேட்டது. ஒரு அடி, ஒரு இடைவெளி, ஒரு அடி. கல் உடைக்கிறவன் அடி இல்லை. கட்டினதைப் பிரிக்கிறவனின் அடி. கடைவீதியில் இரண்டு மூன்று பேர் அண்ணாந்து பார்த்தார்கள். சலூன்காரர் மறுபடியும் வெளியே வந்தார். இந்தத் தடவை கத்தி இல்லாமல். "ஏன் உடைக்கிறாரு?" என்று கேட்டார். தரகர் முதன்முறையாக அருமையான இடம் என்று சொல்லாமல் சும்மா நின்றார்.

சத்தம் நின்றதும் சின்னக்கரண்டி அடுப்பைப் பற்றவைத்து மிச்ச மிளகாயைச் சட்டியில் போட்டாள். கருகிய நெடி கிளம்பியது. கூடாமல், தேங்காமல், யாரோ மேலிருந்து கயிறு கட்டி இழுத்த மாதிரி விறுவிறுவென்று புகைபோக்கிக்குள் ஏறிப் போனது. அவள் மூக்கைப் பொத்தவில்லை. கையைக் கல்மேடையில் ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

டைல்ஸ் கடை அடுத்த தெருவில்தான் இருந்தது. அவள் முன்னால் நடந்தாள். மாடிக்காரர் பின்னால் வந்தார். கையில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலம். அண்ணன் வாசலில் முக்காலியில் உட்கார்ந்து, இறங்கிய டைல்ஸ் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்துச் சிரித்தார். அவளுக்குப் பின்னால் வந்தவரைப் பார்த்ததும், பழைய பழக்கத்தில், முக்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"வாங்க ஐயா. உக்காருங்க. அம்மா தவறினப்போ வரணும்னு நெனச்சேன். என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டு வர்றதுன்னு இருந்துட்டேன். உங்க இடத்தைக் கெடுத்துட்டுப் போனவன் நான்."

மாடிக்காரர் உட்காரவில்லை. பொட்டலத்தை நீட்டினார். அண்ணன் பிரித்தார். ஒரு செங்கல். அதன் ஒரு பக்கம் புதுசு போலச் சிவப்பாக இருந்தது. மறுபக்கம் கரி.

அண்ணன் ஒன்றும் புரியாமல் தங்கையைப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. இது அவள் சொல்ல வேண்டிய வார்த்தை இல்லை.

அண்ணன் கட்டைவிரலால் கரியைத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். இரண்டு வருடமாக எதையும் முகர்ந்து பார்க்காத மூக்கு. முகம் மெதுவாக மாறியது. "எண்ணெய்ப்பிசுக்கு இருக்கு. இது அடுக்களைப் புகை." மறுபடியும் முகர்ந்தார். "இது நம்ம அடுப்பு."

"உங்க அடுப்புதான்," என்றார் மாடிக்காரர். "புகைபோக்கிக்குள்ள நான் வச்ச கல்லு. ஒரு கை அகலம் விட்டு அடைச்சேன். உங்க கையில குறை இல்ல தம்பி. மோட்டாருலயும் இல்ல, எண்ணெயிலயும் இல்ல."

வண்டியிலிருந்து பெட்டி இறக்கிய ஆள் ரசீதை நீட்டிக்கொண்டு வந்தான். அண்ணன் கையால் அவனை நிற்கச் சொன்னார். சொல்லிவிட்டு அந்தக் கையையே பார்த்தார். உள்ளங்கையை விரித்தார், மூடினார். சின்னக்கரண்டியால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை, தெருவைப் பார்த்தாள்.

அண்ணன் கோபப்படுவார் என்று அவள் நினைத்திருந்தாள். அவர் கோபப்படவில்லை. அதைவிடக் கஷ்டமாக, வேலைக்காரன் வேலைக்காரனிடம் கேட்பது போல நிதானமாகக் கேட்டார்.

"அம்மாவுக்குப் புகை ஆகலைன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா. மேல நாலடிக்குத் தகரக்குழாய் ஒண்ணு வச்சிருந்தா புகை சன்னல் பக்கமே எட்டிப் பாத்திருக்காதே. உங்களுக்குத் தெரியாத வேலையா?"

"புகைக்கு வழி இருந்துச்சு," என்றார் மாடிக்காரர். "வாசனைக்கு வழி இல்ல."

"வாசனைக்கு என்ன?"

மாடிக்காரர் செங்கல்லை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கி, கரிப் பக்கம் தன் சட்டையில் படும்படி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"அவளுக்கு மூச்சுல ஒண்ணும் இல்ல தம்பி, தொண்டைதான் போயிடுச்சு, நாலு வருஷமும் வயித்துல வச்ச குழாய்லதான் சாப்பாடு எல்லாம், வாயால ஒரு பருக்கை இறங்காது, உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் கீழ கடை போட்டப்ப அவ சன்னல் பக்கம் திரும்பிக்கூடப் படுக்கல, நீங்க வந்த மூணாம் நாளு உங்க சமையல் வாசனை சன்னல்ல ஏறினதும் எழுந்து உக்காந்து, எனக்கும் தட்டு வைன்னு கையைக் காட்டினா, அப்புறம் தினமும் காட்டினா."